மூன்றாம் தரப்பு யார்?

"கோரப்பட்ட தகவல் மூன்றாம் தரப்பினரைச் சார்ந்தது, எனவே வழங்க இயலாது."

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஓர் அரசு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்ட பலரும் இந்த வரியை ஒருமுறையேனும் வாசித்திருப்பர். சாலை போட்டவர், மருந்து வழங்கியவர், விடுதிக்கு உணவு சமைத்தவர், நூலகத்துக்கு மின்னிதழ் விற்றவர் என யாரைப் பற்றிக் கேட்டாலும் விடை இதுவாகவே இருக்கிறது. பொது நிதியில் இயங்கும் ஒரு கல்வி நிறுவனத்திடம் அதன் மின்னிதழ்ச் சந்தா ஒப்பந்தத்தைக் கேட்டபோது எனக்கும் இதே வரிதான் வந்தது. விற்றவரிடம் அந்நிறுவனம் கருத்துக் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த வரி சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் அலுவலகங்களில் சட்டத்தினும் வலிமையாக அது ஆட்சி செய்கிறது. பொது அமைப்புக்குப் பொருளோ பணியோ வழங்கிப் பொதுப்பணம் பெறுபவர், ஒப்பந்தம் கையெழுத்தான பின் அதன் விலையையும் நிபந்தனையையும் பொதுமக்களிடமிருந்து மறைக்கும் உரிமை உடையவர் அல்லர் என்பது என் முதல் வாதம். அந்த மறைப்பு நேர்மையான வழங்குநருக்கே கேடு என்பது இரண்டாவது.

மொழியியல் படித்தவளின் பழக்கத்தால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ் இலக்கணத்தில் மூவிடம் உண்டு: தன்மை, முன்னிலை, படர்க்கை. பேசுபவர், கேட்பவர், பேசப்படுபவர். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(என்) 'மூன்றாம் தரப்பு' என்பதை இவ்வாறு வரையறுக்கிறது: தகவல் கோரும் குடிமகன் அல்லாத ஒருவர், பொது அமைப்பும் இதில் அடங்கும். இவ்வரையறை எந்த உரையாடலை அடிப்படையாகக் கொண்டது என்று பாருங்கள். கேள்வி கேட்கும் குடிமகனே இங்கே தன்மை. விடை தரவேண்டிய தகவல் அலுவலர் முன்னிலை. ஒப்பந்ததாரர் படர்க்கை, அதாவது பேசப்படுபவர். சட்டம் குடிமகனைப் பேச்சின் உரிமையாளராக்கியது.

அலுவலகமோ இன்னோர் உரையாடலின் இலக்கணத்தைப் பின்பற்றுகிறது. அது ஒப்பந்தப் பத்திரத்தின் இலக்கணம். அங்கே அரசு முதல் தரப்பு, வழங்குநர் இரண்டாம் தரப்பு. பணத்துக்கு உரியவரான குடிமகன் பத்திரத்தில் எங்குமே இல்லாத வெளியாள். இந்த மனநிலையில் அமர்ந்திருக்கும் அலுவலர் 'மூன்றாம் தரப்பு' என்று வழங்குநரைக் குறிப்பிட்டாலும், அவர் உள்ளத்தில் மூன்றாம் ஆளாக நிற்பவர் விண்ணப்பதாரரே. பத்து ரூபாய் கட்டணத்தோடு எங்கிருந்தோ வந்து, இருவருக்கிடையிலான பேச்சில் தலையிடும் அந்நியர். நம் விண்ணப்பங்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இட மாற்றத்தால்தான்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? பிரிவு 8(1)(டி) வணிக நம்பகம், தொழில் இரகசியம், அறிவுசார் சொத்து ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: வெளியிட்டால் அது மூன்றாம் தரப்பின் போட்டி நிலைக்குத் தீங்கு விளைவிக்க வேண்டும். தீங்கு விளையும் என்றாலும் பெரும் பொதுநலன் கோரினால் வெளியிடலாம். 'வணிகம் தொடர்பானது' என்று மட்டும் சொல்லி மறுப்பவர் வாக்கியத்தின் முற்பாதியை வாசித்துவிட்டுப் பிற்பாதியை மடித்து வைக்கிறார்.

பிரிவு 11 விலக்கே அன்று. அது ஒரு நடைமுறை. வழங்குநர் இரகசியமாகக் கருதித் தந்த தகவலை அலுவலர் வெளியிட எண்ணினால், விண்ணப்பம் வந்த 5 நாட்களுக்குள் வழங்குநருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். வழங்குநர் 10 நாட்களுக்குள் தம் கருத்தைத் தெரிவிக்கலாம். 40 நாட்களுக்குள் முடிவெடுப்பவர் அலுவலரே. வழங்குநரின் கருத்து கேட்கப்பட வேண்டும் என்பதே சட்டம்; அவர் இசைவு வேண்டும் என்று எந்த வரியும் இல்லை. ஆனால் நடைமுறையில் 'அவர் மறுத்துவிட்டார்' என்பதே இறுதி ஆணையாகிறது. சில இடங்களில் கேட்காமலேயே மறுப்பு அவர் பெயரால் எழுதப்படுகிறது. திறக்க எண்ணும் அலுவலருக்காக எழுதப்பட்ட பிரிவு, பூட்ட எண்ணும் அலுவலரின் கைச்சாவியாகிவிட்டது.

நீதிமன்றங்களும் இதில் தடுமாறவில்லை. ஒப்பந்தப்புள்ளி இறுதியாகி யாருக்கு வேலை என்று முடிவான பின், பங்கேற்றவர்களின் ஆவணங்களை இரகசியமாக வைத்திருக்க நியாயமில்லை என ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றம் நெடுநாட்களுக்கு முன்பே கூறிவிட்டது. போட்டி நடக்கும்வரை மூடிய உறை. முடிந்தபின் திறந்த ஏடு. இதைவிட எளிய விதி இருக்க முடியாது.

தில்லிக்கு இதில் தனி வரலாறு உண்டு. மத்தியச் சட்டத்துக்கு முன்பே தில்லிக்கென 2001இல் ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதைக்கொண்டு 'பரிவர்த்தன்' அமைப்பு, வடகிழக்குத் தில்லியின் சுந்தர் நகரிப் பகுதியில் நடந்த 68 பொதுப்பணிகளின் ஆவண நகல்களைப் பெற்றது. 2002 டிசம்பர் 14 அன்று அங்கே மக்கள் விசாரணை நடந்தது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்ததையும் தெருவில் இருந்ததையும் மக்களே ஒப்பிட்டார்கள். சுமார் 1.3 கோடி ரூபாய்ப் பணிகளில் சுமார் 70 லட்சம் ரூபாய் மதிப்புள்ளவை ஏட்டில் மட்டுமே இருந்தன என்று அந்த விசாரணை கண்டது. இந்த முறையின் வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 முதல் கிராமங்களில் வரவு செலவு ஏடுகளை உரக்க வாசித்த மரபு அது. 'நம் பணம், நம் கணக்கு' என்பது அங்கே பிறந்த முழக்கம்.

சில ஆண்டுகளில் அதே பரிவர்த்தன் தில்லி ஜல் போர்டின் கோப்புகளைப் பெற்றது. உலக வங்கிக் கடன் திட்டத்துக்கான ஆலோசனைப் பணிக்கு ஒரு பன்னாட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வங்கி திரும்பத் திரும்ப வற்புறுத்தியதை அக்கோப்புகள் காட்டுகின்றன என்பது அவ்வமைப்பின் குற்றச்சாட்டு. வங்கி அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்ற விவாதம் ஆவணங்களின் அடிப்படையில் பொதுவெளியில் நடந்தது. 2005 இறுதியில் தில்லி அரசு கடன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. அன்று அந்த நிறுவனத்தின் மதிப்பெண் பட்டியலை 'மூன்றாம் தரப்புத் தகவல்' என்று பூட்டியிருந்தால், தில்லியின் குடிநீரைப் பற்றிய விவாதமே நடந்திருக்காது.

நான் வசிக்கும் கோல் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 1921இல் எழுந்த அந்தச் சந்தைக் கட்டடம் புதுதில்லி நகராட்சி மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. கடைகள் அகற்றப்பட்டு, அதை அருங்காட்சியகமாக்கும் பேச்சு பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. இத்தகைய பழங்கட்டடத்தின் புதுப்பிப்பில் நூறு கேள்விகள் எழும். மதிப்பீடு எவ்வளவு, பணி ஆணை யாருக்கு, அளவுப் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது, சுண்ணாம்புச் சாந்து பூசவேண்டிய இடத்தில் சிமென்ட் பூசப்படுகிறதா? இவை அனைத்தையும் கேட்க உரிமை உண்டு. அதற்கும் மேலாக, பிரிவு 2(ஜே) பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை அளிக்கிறது. பூசிய சாந்தின் ஒரு பிடியைக் கேட்டுப் பெறலாம் என்று சொல்லும் சட்டம், அதன் விலைப்பட்டியலை மறைக்கச் சொல்லும் என்று நம்ப நாம் எவ்வளவு பழக்கப்பட்டிருக்கிறோம்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். இதை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் ஆய்வாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள். நம் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்விதழ் விற்கும் பதிப்பகங்களும் பொது அமைப்புகளின் வழங்குநர்களே. பெரும்பாலும் பொது நிதியில் நடக்கும் ஆய்வை நாம் எழுதுகிறோம். ஊதியமின்றி நாமே மதிப்பிடுகிறோம். பிறகு பொது நிதியைக் கொண்டே அதைத் திரும்ப வாங்குகிறோம். என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பது மட்டும் வணிக இரகசியம்.

அது இரகசியமாக இருந்ததால் யார் இலாபம் அடைந்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் திமோத்தி கவர்ஸ், பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டத்தைப் பயன்படுத்தி, எல்சேவியர் பதிப்பகத்துக்குப் பல்கலைக்கழகங்கள் செலுத்தும் தொகையைக் கேட்டு 2014 ஏப்ரலில் வெளியிட்டார். சில பல்கலைக்கழகங்கள் வணிக நலனைக் காட்டி முதலில் மறுத்து, மறுஆய்வில் தந்தன. எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் ஆண்டுக்குச் சுமார் 2.3 லட்சம் பவுண்டு, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் சுமார் 13.8 லட்சம் பவுண்டு. அளவில் ஒத்த நிறுவனங்களுக்கு இடையிலும் பெரும் வேறுபாடுகள் இருந்தன. அமெரிக்காவில் பொருளியலாளர் தியோடர் பெர்க்ஸ்ட்ரோமும் உடன் ஆய்வாளர்களும் மாநிலப் பொது ஆவணச் சட்டங்களின்வழி சந்தா ஒப்பந்தங்களைத் திரட்டினார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் தன் ஒப்பந்தத்தைத் தருவதைத் தடுக்க எல்சேவியர் 2009இல் நீதிமன்றம் சென்று தோற்றது. 2014இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, 2009இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அப்பதிப்பகத்துக்குச் செலுத்தியது சுமார் 21.6 லட்சம் டாலர். அளவில் ஏறத்தாழ இணையான விஸ்கான்சின் செலுத்தியது சுமார் 12.2 லட்சம் டாலர். பொருள் ஒன்றே, விலை இரண்டு. அடுத்த கடையின் விலை தெரியாத வரைதான் இப்படி விற்க முடியும்.

இந்தியாவில் இன்று இக்கேள்வி முன்னெப்போதையும்விடக் கூர்மையானது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள். ஏறத்தாழ 13,000 இதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். மதுரையிலும் மணிப்பூரிலும் உள்ள சிறு கல்லூரி மாணவர் ஒரு கட்டுரையைத் திறந்து வாசிக்க முடிவது பெரும் பேறு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமைச்சரவை அறிவிப்பில் மொத்தத் தொகை இருந்தது. முப்பது பதிப்பகங்களில் எதற்கு எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்பது இல்லை. 2027க்குப் பிறகு விலை ஏறினால் நாம் எதனோடு ஒப்பிட்டுப் பேசுவோம்? நாடு முழுவதும் ஒரே வாங்குபவராகச் சேர்ந்ததன் பேர வலிமை, விலையை மறைத்தவுடன் விற்பவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இப்பதிப்பகங்களில் சில, சை-ஹப் தளத்தை முடக்கக் கோரி 2020இல் தில்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. தம் உரிமையைக் காக்கப் பொது நீதிமன்றத்தை நாடுவோர், அதே பொதுமக்களிடம் வாங்கும் விலையைச் சொல்லக் கூசுவது ஏன்?

மறுதரப்பின் வாதங்களை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. முதலாவது: விலை வெளியானால் போட்டியாளர் அறிந்துகொள்வார். அரசு ஒப்பந்தப்புள்ளி நடைமுறையை அறிந்தவர்களுக்கு இவ்வாதம் வியப்பளிக்கும். திறந்த ஒப்பந்தப்புள்ளியில் விலைப்புள்ளிகள் பங்கேற்றவர்கள் முன்னிலையிலோ இணைய வாயிலிலோ திறக்கப்படுகின்றன. யார் எவ்வளவு கேட்டார் என்பது ஒப்பீட்டு அட்டவணை வந்த அன்றே போட்டியாளர் அனைவருக்கும் தெரியும். தெரியாதவர், பணம் கொடுக்கும் குடிமகன் மட்டுமே. போட்டியாளரிடமிருந்து காக்கவேண்டிய இரகசியம், போட்டியாளர் அறிந்து பொதுமக்கள் அறியாத இரகசியமாக இருப்பது எவ்வகை நியாயம்?

இரண்டாவது: தொழில்நுட்ப வடிவமைப்பு, தயாரிப்பு முறை போன்றவை உண்மையிலேயே ஒருவரின் உழைப்பு. இதை முழுமையாக ஏற்கிறேன். சட்டமும் ஏற்கிறது. அதனால்தான் பிரிவு 10 இருக்கிறது: விலக்குக்குரிய பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதைத் தரவேண்டும். இரண்டு பக்கச் செய்முறைக்காக இருநூறு பக்க ஒப்பந்தத்தை மறைப்பதை அது அனுமதிக்கவில்லை.

மூன்றாவது வாதம்தான் கனமானது: தகவல் பெற்று ஒப்பந்ததாரரை மிரட்டிப் பணம் பறிப்போர் இருக்கிறார்கள். ஆம், இருக்கிறார்கள். ஆனால் மிரட்டுபவர் விற்பது எதை? பிறருக்குக் கிட்டாத தாளை. அதே ஒப்பந்தம், அதே அளவுப் பதிவேடு, அதே பட்டுவாடா விவரம் எல்லோரும் காணும் தளத்தில் இருந்தால் அவர் கையில் விற்பனைச் சரக்கே இராது. மிரட்டலை வளர்ப்பது இரகசியம். மருந்தென்று இன்னும் கொஞ்சம் இரகசியத்தையே பரிந்துரைக்கிறார்கள்.

சிறு வழங்குநரின் நிலையிலிருந்தும் பாருங்கள். குறைந்த விலை கேட்டும் தோற்றவருக்கு, தாம் ஏன் தகுதியற்றவராக்கப்பட்டோம் என்று அறிய இச்சட்டமே எளிய வழி. நிறுவனம் என்ற பெயரில் விண்ணப்பிக்க முடியாது, உரிமை குடிமக்களுக்கே. ஆனால் அதன் உரிமையாளர் குடிமகனாகக் கேட்கலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை 45 நாட்களுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. பட்டியல் எந்த மேசையில் உறங்குகிறது என்று கேட்கத் துணிவில்லாத சிறு ஒப்பந்ததாரர்கள் எத்தனை பேர்! கேட்டால் அடுத்த வேலை கிடைக்காது என்ற அச்சம். பட்டுவாடா வரிசை பொதுவில் இருந்தால் அவர் கேட்கவே வேண்டியதில்லை. அலுவலரை 'கவனித்து' வேலை வாங்குபவருக்கே இருட்டு உதவும். சரக்கின் தரத்தை நம்பி வருபவருக்கு வெளிச்சம் போதும்.

இவ்வளவும் போதாதென்று 2025 நவம்பரில் இன்னொரு கதவு அடைபட்டது. 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3) நடைமுறைக்கு வந்து, தகவல் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே) மாற்றப்பட்டது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க வேண்டுமானால், அது பொதுச் செயல்பாட்டோடு தொடர்பற்றது என்றோ, தேவையற்ற அந்தரங்க ஊடுருவல் என்றோ காட்டவேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க இயலாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது எஞ்சியிருப்பது 'தனிநபர் தகவல் தொடர்பானது' என்பது மட்டுமே. நம் ஊர்களில் சாலை, வடிகால், விடுதி உணவு ஆகியவற்றை ஒப்பந்தம் எடுப்போரில் பலர் தனிநபர் உரிமையாளர்கள். அவர்கள் நிறுவனத்தின் பெயரும் அவர்கள் பெயரும் ஒன்றே. ஆகவே 'பணியை எடுத்தவர் யார்' என்ற கேள்விக்கே 'தனிநபர் தகவல்' என்று விடை எழுத வழி பிறந்துவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் வெளியிடலாம் என்னும் பிரிவு 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதை எடைபோட வேண்டியவர், மறுப்பதில் எந்த ஆபத்தும் இல்லாத அதே அலுவலர்.

தமிழ்நாட்டினர் நாம் இதில் வாளாவிருப்பது கூடுதல் வெட்கம். இந்திய மாநிலங்களில் முதன்முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, ஆண்டு 1997. விலக்குகள் மலிந்த சட்டம்தான், ஆனால் முதற்சட்டம். மறு ஆண்டே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்று தனிச்சட்டம் வந்தது. கொள்முதலும் தகவலும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதை நம் சட்டமன்றம் கால் நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தது. ஏட்டில் இருப்பதை நடைமுறைக்குக் கொணரும்படி வற்புறுத்தத்தான் ஆள் இல்லை.

வேண்டுவது பெரும் புரட்சி அன்று. கொள்முதல் விவரங்களை, வழங்குநரின் பெயர், விலைவீதம், மொத்தத் தொகை ஆகியவற்றோடு தாமாகவே வெளியிட வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறை 2013 ஏப்ரல் 15 அன்றே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அதைக் கடைப்பிடித்தால் போதும். அதற்கு மேலும் செல்ல விரும்பினால் ஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். 2011 முதல் அங்கே அரசு ஒப்பந்தங்கள் இணையத்தில் வெளியான பிறகே செல்லுபடியாகும். வெளியிடாத ஒப்பந்தத்துக்கு உயிரில்லை என்றால், வெளியிடும்படி கெஞ்ச வேண்டியவர் குடிமகனல்லர். வழங்குநரே முன்வந்து கேட்பார். மறுப்பின் சுமை இடம் மாறிவிடும்.

நண்பர்களே, நாம் ஒவ்வொருவரும் ஏதோவொரு பொது நிறுவனத்தில் படிக்கிறோம் அல்லது பணிபுரிகிறோம். அங்கே உணவும் நூலும் மென்பொருளும் காவலும் யாரோ ஒருவரால் ஒப்பந்தத்தில் வழங்கப்படுகின்றன. ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதுங்கள். ஒப்பந்த நகல், ஒப்பீட்டு அட்டவணை, கடந்த ஆண்டுப் பட்டுவாடா ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். 'மூன்றாம் தரப்பு' என்று விடை வந்தால் மேல்முறையீட்டில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: பிரிவு 11இன்படி அறிவிப்பு எந்த நாளில் அனுப்பப்பட்டது? வழங்குநரின் போட்டி நிலைக்கு விளையும் தீங்கு யாது? நீக்கத்தக்க பகுதி எது, எஞ்சியது எங்கே? காரணமின்றித் தகவலை மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதையும் நினைவூட்டுங்கள்.

விடைகளை இங்கே பின்னூட்டத்தில் இடுங்கள். ஒப்பிட்டு அட்டவணையாக்கும் பொறுப்பு என்னுடையது.